ஆட்டிச மனிதர்களின் சொந்தக் குரலுக்கு நன்கொடை கொடுப்பது எப்படி?

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அதையொட்டி ஒவ்வொரு வருடமும் நன்கொடை கேட்டு வேண்டுகோள்கள் வந்து குவியும். கொடுக்க மனம் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஆட்டிசத்துக்காக" என்று திரட்டப்படும் பணத்தில் நிறைய ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் குழந்தைகளுக்கான பயிற்சிக்கும் போகிறது. ஆட்டிசத்தோடு வாழும் பெரியவர்கள் தாங்களே ஒன்றுகூடி, தங்களைப் பாதிக்கும் சட்டத்தைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் பேசுகிற அமைப்புகள் பெரும்பாலும் சின்னவை, எப்போதும் பணப் பற்றாக்குறையில் ஓடுபவை. நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பக்கம் பணம் போய்ச் சேர்வதைப் பற்றித்தான்.

எதற்குக் கொடுக்கிறோம்?

இப்படித் தங்களுக்காகத் தாங்களே பேசுவதைத்தான் செல்ஃப் அட்வகசி என்கிறார்கள். அதை மேடைப் பேச்சு என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். "இந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது, மாற்றித் தாருங்கள்" என்று ஒருவர் வேலையிடத்தில் கேட்பதும் அதுதான், "இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம்" என்று மருத்துவரிடம் சொல்வதும் அதுதான், நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து சட்டத் திருத்தம் கேட்பதும் அதுதான். வாயால் பேசினால்தான் கணக்கு என்றும் இல்லை. எழுத்துப் பலகையைத் தொட்டு, டேப்லெட்டில் தட்டி, படத்தைச் சுட்டி, சைகை காட்டி, எழுந்து வெளியே போய், எப்படிச் சொன்னாலும் அது சொன்னதுதான்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாங்களே மாநாடு கூட்டினார்கள், 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' இயக்கம் அங்கிருந்து பரவியது. 1992இல் ஆட்டிச மனிதர்களான ஜிம் சின்கிளேர், டோனா வில்லியம்ஸ் முதலியோர் சேர்ந்து 'ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே டொராண்டோவில் நடந்த ஆட்டிச மாநாட்டில் சின்கிளேர், உங்கள் பிள்ளை இறந்துவிட்டதுபோல் எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார். 2006இல் ஆரி நேமனும் ஸ்காட் ராபர்ட்சனும் 'ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார்கள்.

அந்த அமைப்பு தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். 2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மனநல ஆய்வு மையம் ஒரு விளம்பரத் தொடரை வெளியிட்டது. கடத்தல்காரர்கள் பணம் கேட்டு எழுதும் மிரட்டல் கடிதம்போல, "உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான்" என்று ஆட்டிசமே கையெழுத்துப் போட்டு எழுதுவதாக அந்த விளம்பரம். ஆட்டிச மனிதர்கள் மற்ற மாற்றுத்திறனாளர் அமைப்புகளையும் பெற்றோர்களையும் சேர்த்துக்கொண்டு எதிர்த்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. தங்களைப் பற்றி ஊருக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதில் அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று பலருக்கும் புரிந்தது அப்போதுதான். நீங்கள் கொடுக்கும் பணம் இந்த மாதிரி வேலைக்குத்தான் போகும்.

படி 1: முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஓர் அமைப்பின் பெயரிலோ படங்களிலோ ஆட்டிச மனிதர்கள் இருப்பது வேறு, அதன் பணப்பெட்டிச் சாவி அவர்கள் கையில் இருப்பது வேறு.

இதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது, 2008இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய சொந்த அமைப்புகளைக் கலந்துதான் அரசுகள் நடக்க வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. சரி, "சொந்த அமைப்பு" என்றால் எது? அந்த உடன்படிக்கைக்கான குழு 2018இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: மாற்றுத்திறனாளர்களே தலைமை தாங்கி, வழிநடத்தி, நிர்வகிக்க வேண்டும், உறுப்பினர்களில் பெரும்பான்மையும் அவர்களாகவே இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பு, அவர்கள் சார்பில் பேசும் அமைப்பு எல்லாம் தனி வகை.

ஆகவே ஆண்டறிக்கையையும் நிர்வாகக் குழுப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நேரடியாகவே எழுதிக் கேளுங்கள். குழுவில் பாதிக்கு மேல் ஆட்டிச மனிதர்களா? தலைமைப் பொறுப்பில் இருப்பவர்? சம்பளம் வாங்கும் ஊழியர்களில் ஆட்டிச மனிதர்கள் எத்தனை பேர், அல்லது அவர்கள் எல்லாரும் இலவசத் தொண்டர்களாக மட்டும் இருக்கிறார்களா? (இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் பல நேரங்களில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.) ஆனால் ஒன்று, தனித்தனி ஆட்களைச் சுட்டி "இவருக்கு ஆட்டிசம் உண்டா" என்று கேட்காதீர்கள். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சூழலில் இருப்பவர்கள் உண்டு. விகிதத்தைக் கேட்டால் போதும்.

"ஆலோசனைக் குழுவில் ஆட்டிச மனிதர்கள் இருக்கிறார்கள்" என்ற பதில் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: அந்தக் குழு வேண்டாம் என்று சொன்ன எதையாவது நீங்கள் கைவிட்டிருக்கிறீர்களா?

ஒரு பெரிய உதாரணம். அமெரிக்காவின் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' 2005இல், ஆட்டிசம் உள்ள ஒரு பேரக்குழந்தையின் தாத்தா பாட்டியால் தொடங்கப்பட்டது. அவர்களுடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதன் அறிவியல் ஆலோசனைப் பொறுப்பில் இருந்த ஆட்டிச எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன் 2013இல், அமைப்பு எங்களைப் பற்றிப் பேசும் விதத்தை ஏற்க முடியவில்லை என்று விலகினார். நிர்வாகக் குழுவில் ஆட்டிச மனிதர்கள் இருவர் சேர்க்கப்பட்டது 2015 இறுதியில்தான். குணப்படுத்துவது என்ற இலக்கைத் தன் நோக்க அறிக்கையிலிருந்து அது 2016இல் எடுத்தது. பத்து வருடங்கள்! அதற்குள் எவ்வளவு நன்கொடை எந்தத் திசையில் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் நடத்தும் அமைப்புகளுக்கு எதிராக நான் பேசவில்லை. பள்ளி, பராமரிப்பு, பெற்றோருக்கான ஓய்வு இவையெல்லாம் தேவை, அங்கே கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் செல்ஃப் அட்வகசிக்குக் கொடுத்துவிட்டதாக அதைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

படி 2: என்ன செய்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள்

அழும் குழந்தையின் படம், "நோயின் பிடியில்", "சோகம்", "குடும்பத்தின் சுமை" போன்ற சொற்கள், ஒரு சிறுவன் நிலைகுலைந்து தரையில் கிடப்பதைப் படம்பிடித்து அவன் சம்மதம் இல்லாமல் உலகத்துக்குக் காட்டும் வீடியோ: இவற்றை வைத்துப் பணம் கேட்கும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். அந்தச் சிறுவன் பெரியவனாகி அந்த வீடியோவைப் பார்ப்பான்.

புதிர்த் துண்டுச் சின்னத்தையும் கவனியுங்கள். அது 1963இல் பிரிட்டனில் ஒரு பெற்றோர் அமைப்பு பயன்படுத்தத் தொடங்கியது, அப்போது அதன் நடுவில் அழும் குழந்தையின் முகம் இருந்தது. "எங்களிடம் ஏதோ ஒரு துண்டு காணவில்லையா?" என்று கேட்கும் ஆட்டிச மனிதர்கள் பலர், அதற்குப் பதிலாக முடிவிலிக் குறியை வைத்துக்கொள்கிறார்கள். சின்னத்தை மட்டும் பார்த்து எதையும் ஒதுக்கிவிட வேண்டாம், பழைய பழக்கத்தில் விட்டுவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல அறிகுறிகள் என்றால், எளிய மொழியில், பெரிய எழுத்தில், படங்களோடு வெளியிடும் கையேடுகள். கூட்டங்களில் தட்டச்சு செய்து பங்கேற்க வழி. பேச்சு வராதவர்கள், அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருப்பவர்கள், பெண்கள், வயதானவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பது. சரளமாகப் பேசும், படித்த, வேலையில் இருக்கும் ஆட்டிச மனிதர்கள் மட்டுமே கூடியிருக்கும் அமைப்பு என்றால் அதைப் பற்றியும் கேளுங்கள், நல்ல அமைப்பாக இருந்தால் அந்தக் குறையைத் தானே ஒப்புக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்லும்.

அப்புறம், கடினமான விஷயங்களில் அவர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையத்தில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்த அவர்கள் உடம்பில் கருவி பொருத்தி மின்னதிர்ச்சி கொடுத்துவந்தார்கள். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல வருடங்கள் போராடியபின் 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கருவிக்குத் தடை போட்டது. 2021இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுத்தது, 2024இல் மீண்டும் தடைக்கான முன்மொழிவு வந்தது. இந்தக் காலவரிசையை நான் இங்கே முழுதாக எழுதக் காரணம் இருக்கிறது. ஜெயித்தோம் என்று நினைத்த மறு வருடமே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் வேலை இது, ஒரு ஏப்ரலில் கொடுத்துவிட்டு மறந்துபோகும் நன்கொடையை நம்பி இதை நடத்த முடியாது.

படி 3: எந்த மாதிரிக் கொடுப்பது

மாதாமாதம் கொடுங்கள், சின்னத் தொகையானாலும் பரவாயில்லை. நிபந்தனை போடாமல் கொடுங்கள். இரண்டுமே முக்கியம், இரண்டாவது இன்னும் முக்கியம்.

"இந்தப் பணம் திட்டத்துக்கு மட்டும், நிர்வாகச் செலவுக்குக் கிடையாது" என்று எழுதிக் கொடுப்பவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். வேறு அறப்பணிகளில் அதற்கு நியாயம் இருக்கலாம். இங்கே நிர்வாகச் செலவு என்று கணக்கில் வருவது பெரும்பாலும் பங்கேற்பதற்கான செலவுதான். ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு வராத ஓர் உறுப்பினர் வர வேண்டும் என்றால் கூட வரும் உதவியாளருக்கும் பயணச்சீட்டு, தங்குமிடம், கூலி வேண்டும். கூட்ட ஆவணங்களை எளிய மொழியில் முன்கூட்டியே எழுதி அனுப்ப ஒருவர் வேண்டும், அதைப் படித்து யோசிக்க உறுப்பினர்களுக்கு நாட்கள் வேண்டும். தட்டச்சு செய்து பேசுபவரின் கருத்து வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரம் ஆகும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாதவர்கள் ஒதுங்கி உட்கார இன்னோர் அறை வேண்டும். உடனடி எழுத்தாக்கம் செய்பவருக்குக் கட்டணம். மறுநாள் ஒருவர் களைத்துப்போய்ப் படுத்துவிட்டால் அவர் வேலையை எடுத்துச் செய்ய மாற்று ஆள். இவ்வளவும் வெட்டிய பிறகு மிஞ்சுவது, நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேர் மட்டும் முடிவெடுக்கும் ஒரு குழு.

அதனால் நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து அமைப்புகளைத் தரம் பிரிக்காதீர்கள். கணக்கே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. தணிக்கை செய்த வரவு செலவு இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒரே ஆள் கையில் எல்லாக் கையெழுத்தும் இருக்கிறதா என்றெல்லாம் வழக்கம்போல் பாருங்கள். அணுகல் வசதிக்கென்று பட்ஜெட்டில் தனி வரி இருந்தால் எனக்கு அந்த அமைப்பின் மேல் மதிப்பு கூடும்.

வரிச்சலுகை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி, வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்காது, உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் ஊழியர் நன்கொடைக்கு இணையான தொகை போடும் என்றால் மறக்காமல் விண்ணப்பியுங்கள், ஒரு படிவம்தான்.

படி 4: பொருத்தமான அமைப்பு கண்ணில் படவில்லை என்றால்

பல இடங்களில் ஆட்டிச மனிதர்களின் குழுக்கள் பதிவு செய்யப்படாமல், வங்கிக் கணக்கு இல்லாமல்தான் இயங்குகின்றன. ஏற்கனவே பதிவுள்ள ஒரு மாற்றுத்திறனாளர் உரிமை அமைப்பு அந்தக் குழுவுக்காகப் பணத்தை வாங்கி, கணக்கு வைத்து, செலவுக்குக் கொடுக்க முடியும். பதிவுக்கும் கணக்காளருக்கும் ஆகும் முதல் செலவை நீங்களே ஏற்பதும் நல்ல நன்கொடைதான். இன்னொரு வழி, மாற்றுத்திறனாளர்களே நடத்தும் அமைப்புகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிதியங்கள். 2008 முதல் இயங்கும் 'டிசெபிலிட்டி ரைட்ஸ் ஃபண்ட்' அப்படி ஒன்று, வளரும் நாடுகளில் வேலை செய்கிறது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவிலும் மாற்றுத்திறனாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனி மனிதருக்கு நேரடியாக உதவலாமா? தாராளமாக. ஒரு மாநாட்டுக்குப் போகும் செலவு, தட்டச்சு செய்வதைப் பேச்சாக்கும் செயலி, அதற்கான டேப்லெட், பழுதானால் மாற்று. ஆனால் பணமாகக் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: சில நாடுகளில் கையிருப்போ வருமானமோ ஒரு வரம்பைத் தாண்டினால் அரசு உதவித்தொகை நின்றுவிடும். உங்கள் ஒரு முறைப் பரிசு அவருடைய மாத வருமானத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தொடர்புக் கருவிக்காகக் கொடுக்கும்போது, அந்த மனிதரே தன் கையால், கண்ணால், தலையசைப்பால் இயக்கும் முறைக்குக் கொடுங்கள். உதவியாளர் ஒருவர் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்ய வைக்கும் முறை ஒன்று உண்டு. 1990களில் அதைச் சோதித்தார்கள். உதவியாளருக்கு ஒரு படமும் தட்டச்சு செய்பவருக்கு வேறொரு படமும் காட்டியபோது, திரும்பத் திரும்ப எழுத்தில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் வல்லுநர்களின் சங்கம் 2018இலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பேச்சு வராத மனிதருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிறைய இருக்கிறது, அதனால்தான் அவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதற்கு நம் பணம் போய்விடக் கூடாது.

படி 5: நீங்களே நிதி திரட்டினால்

ஓட்டப்பந்தயமோ பிறந்தநாள் திரட்டோ எதுவானாலும் முதலில் அந்த அமைப்பிடம் கேளுங்கள். என்ன வாசகம் போடலாம், எந்தப் படம் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். உங்கள் வீட்டிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் கழிவறைப் பழக்கத்தையும் கோபத்தையும் எழுதிப் பணம் கேட்காதீர்கள். பிள்ளையிடம் கேட்டு, புரியும்படி கேட்டு, சரி என்றால் மட்டும் பெயரைப் போடுங்கள். ஆட்டிச மனிதர் ஒருவரை உங்கள் நிகழ்ச்சியில் பேசக் கூப்பிட்டால் மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுங்கள். "உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு" என்று சொல்லி இலவசமாகப் பேச வைப்பது நடந்துகொண்டே இருக்கிறது, திரட்டும் பணம் அவர்களுக்காக என்னும்போது அது இன்னும் மோசம்.

படி 6: கொடுத்த பிறகு

நன்றிக் கடிதம், தொலைபேசி அழைப்பு, நேரில் சந்தித்துக் கை குலுக்கல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பலருக்குத் தொலைபேசியில் பேசுவது கொஞ்சமும் ஒத்துவராது. மின்னஞ்சலில் எழுதுங்கள், கேள்விகளை எண் போட்டு எழுதுங்கள், பதிலுக்கு நேரம் கொடுங்கள். பெரிய தொகை கொடுப்பவராக இருந்தால் முப்பது பக்க அறிக்கை கேட்காதீர்கள், அவர்கள் உறுப்பினர்களுக்காக எளிய மொழியில் எழுதிய அறிக்கையையே வாங்கிப் படியுங்கள்.

ஒரு நாள் அவர்கள் உங்களுக்குப் பிடிக்காத நிலைப்பாடு எடுப்பார்கள். நீங்கள் நல்லது என்று நம்பும் ஒரு பயிற்சி முறையை எதிர்ப்பார்கள், நீங்கள் மதிக்கும் ஒரு நிறுவனத்தைக் கண்டிப்பார்கள், நீங்கள் பெற்றோராக இருந்தால் அது வலிக்கவும் செய்யும். உங்கள் கருத்தை எழுதுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் "இதை மாற்றினால்தான் அடுத்த மாதப் பணம்" என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள். பணத்தைக் காட்டி அவர்கள் பேச்சைத் திருத்துவதாக இருந்தால் படி 1இல் நீங்கள் அவ்வளவு விசாரித்ததற்கே பொருள் இல்லாமல் போகும். கணக்கில் முறைகேடு, உறுப்பினர்களைத் துன்புறுத்துவது போன்றவை வேறு, அப்போது நிறுத்துங்கள், ஏன் என்று எழுத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

மற்றபடி நிறுத்த வேண்டிய நிலை உங்கள் பக்கத்திலிருந்து வந்தால், வேலை போய்விட்டது, செலவு கூடிவிட்டது என்றால், ஓரிரு மாதம் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சின்ன அமைப்பில் உங்கள் மாதத் தொகையை நம்பித்தான் ஓர் உதவியாளரின் வாராந்திர நேரம் ஏற்பாடாகியிருக்கும்.